லைட் பில்: மாதம் இவ்வளவு என்றா, மீட்டர்படியா?

புனே ஏரவாடாவில் அறை பேசும்போது வாடகையும் டெபாசிட்டும் முடிவான பிறகு மூன்றாவதாக ஒரு பேச்சு வரும்: லைட் பில். மாதம் 600, 800 என்று மொத்தமாகக் கொடுத்துவிடலாம். அல்லது அறைக்கென்று ஒரு சப் மீட்டர் வைத்து, ஓடிய யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று கணக்குப் பார்க்கலாம். நாக்பூர் சால், ஜெய்பிரகாஷ் நகர், லக்ஷ்மி நகர் போன்ற இடங்களில் ஒட்டுக் குடித்தனம் இருப்பவர்களுக்கும், காமர்சோன் ஐ.டி. வளாகத்தில் வேலை கிடைத்து நாலு பேராகச் சேர்ந்து தங்குகிறவர்களுக்கும் இது பொதுவான கேள்வி. புதிதாக வந்தவர் பெரும்பாலும் "மொத்தமாவே கொடுத்துடறேன்" என்பார். கணக்கு வழக்கு இல்லாத நிம்மதி. அந்த நிம்மதிக்கு என்ன விலை என்று பார்த்துவிட்டுத் தலையாட்டினால் நல்லது.

நிலையான கட்டணமா, மாறும் கட்டணமா என்பது லண்டன் தமிழர்களுக்குப் பழகிய விவாதம். அங்கே மின் கம்பெனியோடு ஓராண்டு, இரண்டாண்டு ஒப்பந்தம் போட்டு யூனிட் விலையைக் கட்டிவைக்கலாம். இல்லையென்றால், ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் அறிவிக்கும் உச்சவரம்பை ஒட்டி விலை ஏறும், இறங்கும். 2021 அக்டோபரில் ஒரு சராசரி வீட்டுக்கு மின்சாரமும் எரிவாயுவும் சேர்த்து ஆண்டுக்கு 1,277 பவுண்டாக இருந்த அந்த வரம்பு 2022 ஏப்ரலில் 1,971 ஆனது. அக்டோபரில் 3,549 என்று அறிவிக்கப்பட்டபோது அரசே தலையிட்டு 2,500 பவுண்டு அளவில் நிறுத்த வேண்டியிருந்தது. முன்பே விலையைக் கட்டிவைத்தவர்கள் அந்தக் குளிர்காலத்தில் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

இன்னொரு கோடியில் அமெரிக்காவின் டெக்சஸ். கிரிடி என்ற நிறுவனம் மொத்தச் சந்தை விலையை அப்படியே வீடுகளுக்குக் கொடுத்தது. சாதாரண நாட்களில் லாபம்தான். 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் சந்தை விலை யூனிட்டுக்கு 9 டாலர் வரை போனது. சில நாட்களுக்கே ஆயிரக்கணக்கான டாலர் பில் வந்த வீடுகள் உண்டு. மறுமாதமே நிறுவனம் திவால்.

ஏரவாடாவில் அப்படிப்பட்ட தேர்வு கிடையாது. இங்கே மின்சாரம் கொடுப்பது மகாவிதரண் மட்டும். பழைய மாநில மின்வாரியம் 2005 ஜூனில் பிரிக்கப்பட்டபோது விநியோகத்துக்கென்று உருவான நிறுவனம் அது. விலையை வைப்பது மகாராஷ்டிர மின்சார ஒழுங்குமுறை ஆணையம். மும்பையில் மட்டும் கதை வேறு. உச்ச நீதிமன்றத்தின் 2008ஆம் ஆண்டுத் தீர்ப்புக்கும் அதற்கடுத்த ஆண்டு ஆணையம் கொடுத்த உத்தரவுக்கும் பிறகு, செம்பூரில் இருக்கும் குடும்பம் டாடாவா, அன்று ரிலையன்ஸிடம் இருந்து இன்று அதானியிடம் இருக்கும் நிறுவனமா என்று மாற்றிக்கொள்ளலாம். புனே போன்ற நகரங்களுக்கும் இணை உரிமம் கேட்டு 2025இல் தனியார் நிறுவனங்கள் ஆணையத்தின் கதவைத் தட்டின. ஆனால் அது உடனே நம் தெருவுக்கு வரும் விஷயம் அல்ல. ஆகவே இப்போதைக்குப் பேரம் எல்லாம் வீட்டுக்காரரோடுதான்.

பேரத்துக்குப் போகும் முன் மராத்தியில் வரும் பில்லைப் படிக்கத் தெரிய வேண்டும். முக்கியமானவை ஐந்து வரிகள். 'ஸ்திர் ஆகார்' நிலைக் கட்டணம். மாதம் முழுக்கப் பூட்டிக் கிடந்தாலும் உண்டு. 'வீஜ் ஆகார்' எரித்த யூனிட்டுக்கு. 'வஹன் ஆகார்' கம்பி வழியாகக் கொண்டுவந்ததற்கு; இதுவும் யூனிட் கணக்கில். 'இந்தன் சமாயோஜன் ஆகார்' எரிபொருள் சரிக்கட்டல். கடைசியில் 'வீஜ் சுல்க்', மாநில அரசின் மின் வரி. வீடுகளுக்கு 16 சதவீதம்.

இதில் நான்காவது வரியைக் கவனியுங்கள். ஆணையம் விலையை அறிவித்த பிறகும் நிலக்கரி விலையோ வெளியில் வாங்கும் மின்சாரத்தின் விலையோ ஏறினால், அந்தக் கூடுதல் செலவு இந்த வரி வழியாக நம் வீட்டுக்கு வரும். 2022இல் நிலக்கரி விலை தாறுமாறாக ஏறியபோது, முதல் 100 யூனிட்டுக்குள் இருந்தவர்களுக்கு யூனிட்டுக்கு 65 காசும், 101 முதல் 300 வரை 1 ரூபாய் 45 காசும் இப்படித்தான் கூடின. அறிவிக்கப்பட்ட விலையும் கல்லில் எழுதியது அல்ல. 2025 மார்ச் 28 அன்று ஐந்தாண்டுகளுக்கான கட்டண ஆணை வந்தது. சில நாட்களிலேயே ஆணையம் அதை நிறுத்திவைத்தது. ஜூன் 25 அன்று திருத்திய ஆணை வந்து ஜூலை 1 முதல் அமலானது. ஆக, பில்லில் நிலைக் கட்டணம் என்று ஒரு வரி இருந்தாலும் மகாவிதரண் வாடிக்கையாளர் எல்லோரும் மாறும் கட்டணத்தில்தான் இருக்கிறோம்.

ஆனால் நம் பில்லை உண்மையில் ஏற்றுவது இந்த மாற்றங்கள் அல்ல. அடுக்கு. 2024-25 விகிதத்தை எடுத்துக்கொள்வோம். மின் கட்டணமும் வஹனும் சேர்த்து முதல் 100 யூனிட்டுக்கு 5 ரூபாய் 88 காசு. 101 முதல் 300 வரை 11 ரூபாய் 46 காசு. 301 முதல் 500 வரை 15 ரூபாய் 72 காசு, 500க்கு மேல் 17 ரூபாய் 81 காசு. முதல் நூறு யூனிட் 588 ரூபாய். அடுத்த நூறு 1,146 ரூபாய். நிலக்கரி ஏறி 65 காசு கூடியதற்குக் கொதித்தோம். நூற்றியோராவது யூனிட்டில் ஐந்தரை ரூபாய் கூடுவதை யாரும் பேசுவதில்லை.

ஊரிலிருந்து வந்தவர்களுக்கு ஒரு விளக்கம். தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கு, முதல் 100 யூனிட் இலவசம், 2022க்குப் பிறகு வீடுகளுக்கு நிலைக் கட்டணமும் இல்லை. ஆனால் 500ஐத் தாண்டினால் கீழ் அடுக்கு யூனிட்டுகளுக்கும் வேறு விலைப்பட்டியல் வந்துவிடும். அந்தப் பயம் இங்கே வேண்டாம். மகாராஷ்டிரத்தில் எல்லையைத் தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமே கூடுதல் விலை. முதல் நூறு எல்லோருக்கும் ஒரே விலைதான். இன்னொன்று, இங்கே மாதக் கணக்கு. ஊர்ப் பில்லோடு ஒப்பிட்டுப் புலம்புகிறவர்கள் முதலில் இதை இரண்டால் பெருக்கிவிட்டுப் புலம்பலாம். இன்னும் அதிகமாகவே புலம்ப வேண்டியிருக்கும்.

இனி வாடகை அறைக்கு வருவோம். மூன்று குடித்தனம், ஆளுக்கு 80 யூனிட், எல்லாம் ஒரே மீட்டரில். மொத்தம் 240 யூனிட். அதே விகிதப்படி 588 ரூபாயும், மீதி 140 யூனிட்டுக்கு 1,604 ரூபாயும் சேர்ந்து 2,192. நிலைக் கட்டணம் 130 ரூபாயை ஒட்டி, பிறகு 16 சதவீத வரி. சுமார் 2,700 ரூபாய் வரும். யூனிட்டுக்குக் கிட்டத்தட்ட 11 ரூபாய். அதே மூன்று குடித்தனத்துக்கும் தனித்தனி மீட்டர் இருந்தால் எவரும் 100ஐத் தாண்டமாட்டார்கள். ஆளுக்கு ஒரு நிலைக் கட்டணம் கட்டினாலும் சுமார் 700 ரூபாயில் முடியும். யூனிட்டுக்கு 9 ரூபாய்க்கும் கீழே. எல்லோரும் சிக்கனமாக இருந்தும், ஒரே மீட்டரில் கூடியதால் மேல் அடுக்கில் போய் நிற்கிறார்கள். யாரும் யாரையும் ஏமாற்றாமலே மாதம் அறுநூறு ரூபாய் போகிறது.

ஆகவே சப் மீட்டரில் 11 ரூபாய் கேட்கும் வீட்டுக்காரரை உடனே கொள்ளைக்காரர் என்று சொல்லிவிட வேண்டாம். அவர் கட்டும் விலை அதுவாகவே இருக்கலாம். 15 கேட்டால் பில்லைக் காட்டச் சொல்லுங்கள்.

மொத்தத் தொகை எப்போது லாபம்? உங்கள் யூனிட்டை நீங்களே மதிப்பிடலாம். 75 வாட் மின்விசிறி நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் மாதம் 27 யூனிட். சிறிய ஃபிரிட்ஜ் 30 யூனிட் அளவுக்கு. விளக்கு, டிவி, செல்போன் சார்ஜருக்கு 15 வையுங்கள். 72 ஆயிற்று. யூனிட் 11 ரூபாய் என்றால் ஏறக்குறைய 800 ரூபாய். ஃபிரிட்ஜ் இல்லாமல், பகலெல்லாம் வேலையில் இருக்கும் தனி ஆளுக்கு 40 யூனிட் தாண்டாது. அவர் மாதம் 800 கொடுத்தால் பாதி அடுத்த அறைக்காரருக்காகக் கட்டுகிறார். மறுபக்கம், இண்டக்‌ஷன் அடுப்பில் தினமும் ஒரு மணி நேரம் சமைத்தால் அதற்கே 50 யூனிட் போகும். தண்ணீருக்குள் போடும் ராடு தினம் இருபது நிமிடம் என்றால் 15 யூனிட். இப்படிப்பட்டவருக்கு மொத்தத் தொகை லாபம். அது வீட்டுக்காரருக்கும் தெரியும். அதனால்தான் மொத்தத் தொகை என்றால் ராடு கூடாது, அடுப்பு கூடாது, அயர்ன் பாக்ஸ் கூடாது என்று நிபந்தனைகள் வருகின்றன. நிலையான விலை எங்குமே சும்மா வராது. லண்டன் கம்பெனி அதற்குக் கொஞ்சம் விலை கூட்டும். ஏரவாடா வீட்டுக்காரர் உங்கள் பிளக்கின் மேல் ஒரு கண் வைப்பார்.

நீண்ட நாள் தங்குவதானால் மூன்றாவது வழி ஒன்று உண்டு, இதுதான் சிறந்தது: தனி மீட்டர். மின்சாரச் சட்டம் 2003இன் 43ஆவது பிரிவு, இடத்தின் உரிமையாளர் மட்டுமல்ல, அதில் குடியிருப்பவரும் இணைப்புக் கேட்கலாம் என்கிறது. நடைமுறையில் வாடகை ஒப்பந்தமும் வீட்டுக்காரரின் சம்மதமும் இல்லாமல் காரியம் நகராது. மேலே சொன்ன கணக்கை அவரிடம் காட்டினால் அவரே சம்மதிக்கலாம். அவருடைய சொந்தக் குடித்தனமும் கீழ் அடுக்குக்கு இறங்குமே.

சொந்த வீட்டுக்காரர்களுக்குப் புதிதாக வந்திருப்பது நேரவாரிக் கட்டணம். மத்திய அரசின் 2023ஆம் ஆண்டு விதித் திருத்தம், விவசாயம் தவிர மற்றவர்களுக்குச் சூரிய ஒளி நேரத்தில் விலை குறைவாகவும், உச்ச நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 10 சதவீதம் கூடுதலாகவும் இருக்க வேண்டும் என்றது. மகாராஷ்டிரத்தில் 2025 ஜூலை முதல் ஸ்மார்ட் மீட்டர் உள்ள வீடுகளுக்குக் காலை 9 முதல் மாலை 5 வரை எரிக்கும் யூனிட்டுக்கு 80 காசு தள்ளுபடி கிடைக்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டுகளில் இது படிப்படியாக ஒரு ரூபாய் வரை போகும் என்பது ஆணை. இதற்காக வாஷிங் மெஷினை நண்பகலுக்கு மாற்றலாமா? மாற்றுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் 150 யூனிட் வீட்டில் மூன்றில் ஒரு பங்கு அந்த நேரத்தில் விழுந்தாலும் தள்ளுபடி 40 ரூபாய்தான். அதே வீடு பழைய மின்விசிறி இரண்டைக் குறைந்த வாட் மின்விசிறியாக மாற்றினால் மேல் அடுக்கிலிருந்து 30 யூனிட் கழியும். 2024-25 விகிதப்படி 340 ரூபாய் மிச்சம். மணியைப் பார்த்து எரிப்பதைவிட யூனிட்டைக் குறைப்பதே லாபம்.

கூரை சொந்தமாக இருப்பவர்களுக்கு மட்டும் உண்மையான நிலை விலை ஒன்று உண்டு. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூர்யகர் திட்டத்தில் 1 கிலோவாட் சூரியத் தகட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 அல்லது அதற்கு மேல் 78,000 ரூபாய் மானியம். ஒரு கிலோவாட் மாதம் 100 முதல் 120 யூனிட் தரும். நிழல் விழாத 100 சதுர அடி வேண்டும். மாதம் 250 யூனிட் எரிக்கும் வீடு ஒரு கிலோவாட் போட்டாலே மேல் அடுக்கு யூனிட்டுகள் பெரும்பாலும் மறைந்துவிடும். 90 யூனிட் வீட்டுக்கு அவசரமே இல்லை.

வாடகைக்காரர்கள் அறை பேசி முடிக்கும் அன்றே சப் மீட்டரில் நிற்கும் எண்ணைப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கும் அனுப்பிவிடுங்கள். முதல் மாதம் மீட்டர்படியே கொடுங்கள். உங்கள் யூனிட் எத்தனை என்று தெரிந்த பிறகு மொத்தத் தொகையைப் பற்றிப் பேசலாம்.