குமட்டாத கேபின் எது?

பேருந்தில் ஏறும்போதே எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொள்கிறவர்கள், சொகுசுக் கப்பலில் கேபின் பதிவு செய்யுமுன் கப்பலின் தள வரைபடத்தைப் பார்ப்பது நல்லது. விளம்பரத் தாளில் பால்கனியும் பழத்தட்டும்தான் இருக்கும். வயிற்றுக்கு வேண்டிய தகவல் வரைபடத்தில் இருக்கிறது: கேபின் கப்பலின் நடுவிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது, நீர்மட்டத்துக்கு எத்தனை தளம் மேலே இருக்கிறது.

கப்பலுக்கு ஆறு வித அசைவுகள் உண்டு. கடல் மயக்கத்துக்கு அவற்றில் மூன்றைக் கவனித்தால் போதும். கப்பல் முழுவதும் ஒருசேர எழுந்து தாழ்வது ஒன்று. முன்முனையும் பின்முனையும் மாறி மாறி ஏறி இறங்குவது இன்னொன்று. இடவலமாக உருள்வது மூன்றாவது. முதலாவதிலிருந்து எந்தக் கேபினும் தப்ப முடியாது. மற்ற இரண்டும் கேபினுக்குக் கேபின் வேறுபடும்.

இந்த அசைவுகள் ஏன் குமட்ட வேண்டும்? உட்காதுக்குள் ஒரு ஜெல் படலம் இருக்கிறது. அதன்மேல் கால்சியம் கார்பனேட் படிகங்கள் ஆயிரக்கணக்கில் பதிந்திருக்கின்றன. தலை சாய்ந்தால் புவியீர்ப்பு அந்தப் படிகங்களை ஒரு பக்கமாக இழுக்கும். படலம் நகர, அடியிலுள்ள மயிர்ச்செல்களின் இழைகள் வளைந்து மூளைக்குச் செய்தி போகும். தலை சாயாமல் வண்டி சட்டென்று முன்னே பாய்ந்தாலும் படிகங்கள் பின்தங்கும். அதே படலம் நகரும், அதே செய்தி போகும். சாய்வா, பாய்ச்சலா என்று இந்த உறுப்பால் பிரித்துச் சொல்ல முடியாது. இதில் உறுப்பைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஈர்ப்பையும் முடுக்கத்தையும் இருந்த இடத்திலிருந்தே வேறுபடுத்த இயலாது என்பது, ஐன்ஸ்டீன் பொதுச் சார்பியலுக்கு அடித்தளமாக வைத்த சமானக் கொள்கை. அது வாந்தியிலும் முடியும் என்று பாடநூல்கள் சொல்வதில்லை.

மூளை இதை ஒரு கணக்குப் போட்டுச் சமாளிக்கிறது. செய்தி மெதுவாக மாறினால் சாய்வு. வேகமாக மாறினால் நகர்வு. நடக்கும்போது நொடிக்கு இரண்டு முறை தலை குலுங்குகிறது. அது நகர்வுதான் என்பதில் மூளைக்குச் சந்தேகமில்லை, யாருக்கும் குமட்டுவதுமில்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட வேகத்தில்தான் கணக்கு குழம்புகிறது. குமட்டலின் வேர் அங்கே இருக்கலாம் என்று கருதப்படுகிறது. விளக்கத்தில் கருத்து வேறுபாடு உண்டு. அளவில் அவ்வளவு இல்லை. 1974-இல் ஓ'ஹான்லன், மெக்காலி ஆகிய ஆய்வாளர்கள், மேலும் கீழும் மட்டும் நகரும் மூடிய அறையில் ஆட்களை உட்காரவைத்துச் சோதித்தனர். ஐந்தாறு நொடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் ஆட்டமே மிக அதிகம் பேரை வாந்தியெடுக்க வைத்தது. ஐஎஸ்ஓ 2631 தரநிலையும் 0.1 முதல் 0.5 ஹெர்ட்ஸ் வரை, அதாவது பத்து நொடியிலிருந்து இரண்டு நொடி வரையிலான செங்குத்து ஆட்டத்தையே கடல் மயக்கக் கணக்குக்கு எடுத்துக்கொள்கிறது.

இனி கேபின். கிணற்றடி ஏற்றத்தில் நட்ட காலின்மேல் நீண்ட துலா குறுக்கே கிடக்கும். ஒரு முனையில் சால் தொங்கும். அச்சின்மேல் நிற்கிறவரின் காலடி அதிகம் அசையாது. சாலோ கிணற்றின் அடிவரை போய்வரும். கப்பலும் ஒரு துலாதான். அதன் அச்சு பெரும்பாலும் நடுவுக்குச் சற்றுப் பின்னால் இருக்கும். முன்முனைக் கேபினில் படுத்திருப்பவர் சால். கிணற்றுச் சால் நிரம்பி மேலே வரும், இந்தச் சால் மேலே வரும்போது காலியாகும். தவிர, ஏற்றக்காரர் சாலிடம் கூலி கேட்பதில்லை. பல கப்பல்களில் முகப்பு மேல்தள அறைக்குத்தான் கட்டணம் கூடுதல்.

2022 ஜூனில் சென்னையிலிருந்து ஓடத் தொடங்கிய ‘எம்பிரஸ்’ கப்பலின் நீளம் 211 மீட்டர். இந்த நீளமுள்ள கப்பல் முன்பின்னாக ஒரு டிகிரி மட்டும் சாய்ந்தாடினால், அச்சிலிருந்து 90 மீட்டர் தள்ளிய கேபின் 1.57 மீட்டர் ஏறி, அதே அளவு இறங்கும்; மொத்தம் ஒரு மாடி உயரம். 10 மீட்டர் தள்ளிய கேபின் 17 சென்டிமீட்டர்தான். அதே கடல், அதே நொடி, ஒன்பதில் ஒரு பங்கு ஆட்டம்.

ஆட்டத்தின் வேகத்தைக் கப்பல் போகும் திசையும் மாற்றும். ஆழ்கடலில் 12 நொடி அலையின் நீளம் சுமார் 225 மீட்டர். கப்பல் 15 நாட் வேகத்தில் அதை எதிர்த்துப் போனால் எட்டரை நொடிக்கு ஒரு முகடு வரும். இரண்டு முதல் பத்து நொடி என்ற குமட்டும் பட்டைக்குள் விழுந்தாயிற்று. திரும்பும்போது அதே அலை பின்னாலிருந்து வந்தால் 20 நொடிக்கு ஒன்றுதான். போகும்போது வாளியைத் தேடியவர்கள் வரும்போது பஜ்ஜி கேட்பதில் வியப்பில்லை.

இடவல உருளல் அவ்வளவு கொடியதல்ல. பெரிய கப்பல்களில் ஒரு உருளலுக்குப் பதினைந்து, இருபது நொடி பிடிப்பது சாதாரணம், பட்டைக்கு வெளியே. ஆனால் உயரத்தில் வீச்சு கூடும்: மூன்று டிகிரி உருளலில், உருளும் அச்சுக்கு 30 மீட்டர் மேலுள்ள தளம் பக்கவாட்டில் ஒன்றரை மீட்டருக்கு மேல் வீசப்படும். கீழ்த்தளம் நல்லது என்பதற்குக் காரணம் இதுவே.

வரலாறு வேண்டுமென்றால் ஹென்றி பெஸ்ஸமர் இருக்கிறார். எஃகு உற்பத்தியில் பெயர்பெற்ற அவருக்குக் கடல் மயக்கம் கடுமை. அதனால் தொங்கும் கூடம் வைத்த கப்பலொன்றைக் கட்டினார். நீர்மட்டக் கருவியைப் பார்த்தபடி ஒருவர் ஹைட்ராலிக் முறையில் கூடத்தை நேராக வைத்திருக்க வேண்டும். அதுவும் உருளலுக்கு மட்டும். 1875-இல் கப்பல் கலே துறைமுகத் தடுப்பில் மோதியது. திட்டம் அதோடு போயிற்று.

இன்றைய கப்பல்களின் ஸ்டெபிலைசர் துடுப்புகளும் உருளலைத்தான் அடக்குகின்றன. முன்பின் ஆட்டத்துக்கு அவற்றால் பயனில்லை. ‘ஸ்டெபிலைசர் உண்டு, ஆட்டமே தெரியாது’ என்ற விளம்பரம் அதிகம் குமட்டாத அசைவைக் குறைத்துவிட்டுப் பெருமைப்படுகிறது.

ஜன்னலுக்கும் அளவுக்கு மீறிய மதிப்பு உண்டு. பார்வையற்றவர்களுக்கும் கடல் மயக்கம் வரும். இரு காதுகளின் சமநிலை உறுப்புகளும் செயலிழந்தவர்களுக்கு வருவதில்லை. முதல் குற்றவாளி காது. அடிவானம் தெரிந்தால் கண்ணும் காதும் ஒத்துப்போகும் என்பது உண்மைதான். இரவில் அடிவானம் ஏது? பால்கனிகள் பெரும்பாலும் மேல்தளங்களில் இருப்பது இன்னொரு சிக்கல். நடுப்பகுதி, கீழ்த்தளம், ஒரு சிறு ஜன்னல் மூன்றும் கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம். ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டுமானால் ஜன்னலை விடலாம். மல்லாந்து படுத்துக் கண்ணை மூடினால் உள்கேபினும் தாங்கும்; அங்கே உட்கார்ந்து செல்போன் பார்த்தால் தாங்காது.

மணிக்கட்டு அழுத்தப் பட்டைகளைச் சோதித்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. புரோமெத்தசின், ஸ்கோபொலமின் மருந்துகள் வேலை செய்யும், தூக்கமும் வரும். டாக்டரைக் கேட்டு, குமட்டல் தொடங்குமுன் எடுக்க வேண்டும். பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாளில் உடம்பு பழகிவிடும். மூன்று நாள் பயணம் போகிறவருக்கு அதனால் பெரிய ஆதாயமில்லை.

பதிவின்போது ஒரு எச்சரிக்கை: ‘கேபின் எண் பிறகு ஒதுக்கப்படும்’ என்ற மலிவு டிக்கெட்டில் இடத்தை நிறுவனம் தேர்ந்தெடுக்கும். மற்றவர்கள் எடுத்தது போக மிஞ்சியதுதான் கிடைக்கும். அது முன்முனையாகவும் இருக்கலாம்.