வெளிநாட்டுக் குடிபெயர்வும் வாழ்க்கைச் செலவு ஒப்பீடும்

வாழ்க்கைச் செலவு ஒப்பீடு என்பது, இரண்டு இடங்களில் ஏறத்தாழ ஒரே தரத்தில் வாழ எவ்வளவு பணம் தேவைப்படும் என்பதைக் கணக்கிட்டு ஒப்புநோக்குவதாகும். வேலைக்காகவோ படிப்புக்காகவோ வேறு நாட்டுக்குச் செல்ல எண்ணுவோர் முதலில் செய்ய வேண்டிய கணக்கு இது. நடைமுறையில் பலரும் செய்வது வேறு. அங்கு கிடைக்கும் சம்பளத்தை அன்றைய நாணய மாற்று விகிதத்தால் பெருக்கி, வரும் தொகையை இங்குள்ள சம்பளத்தோடு ஒப்பிடுகிறார்கள். நிலத்தை அடகு வைப்பதும் கல்விக் கடன் வாங்குவதும் இந்தப் பெருக்கலை நம்பியே நடப்பதுண்டு. எனவே இக்கணக்கில் நேரும் பிழை, ஒரு குடும்பத்தின் பல ஆண்டுச் சேமிப்பைக் கரைத்துவிடக் கூடியது.

தமிழ்நாட்டிலிருந்து கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துக்கு, குறிப்பாக ரொறன்ரோ (டொராண்டோ) நகருக்குச் செல்வதை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இந்த ஒப்பீட்டைச் செய்யும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. நாடு மாறினால் தொகைகள் மாறும், முறை மாறாது.

நாணய மாற்று விகிதம் பொருந்தும் இடங்கள்

குடிபெயர்ந்தவரின் பணத்தில் இரண்டு பகுதிகளுக்கு மட்டுமே நாணய மாற்று விகிதம் பொருந்தும். ஒன்று, புறப்படும்போது ஊரிலிருந்து எடுத்துச் செல்லும் பணம். மற்றொன்று, பிறகு ஊருக்கு அனுப்பும் பணம். இவற்றுக்கு இடைப்பட்ட அனைத்தும், அதாவது சம்பளம், வரி, வாடகை, சாப்பாடு, பயணம் ஆகியவை, டாலரில் வந்து டாலரிலேயே செலவாகின்றன. அவற்றை ரூபாயாக மாற்றிப் பார்ப்பது வரவையும் செலவையும் ஒருசேரப் பெரிதாக்கிக் காட்டும்.

ரொறன்ரோ நகரப் பேருந்தில் பெரியவர் ஒருவர் அட்டை மூலம் செலுத்தும் கட்டணம் 2025இல் 3.30 டாலர். ஒரு கனடிய டாலர் 60 ரூபாய் என்று கொண்டால் இது 198 ரூபாய். பேருந்துச் சீட்டுக்கு 198 ரூபாயா என்று தோன்றும். ஒன்ராறியோவின் குறைந்தபட்ச ஊதியம் 2025 அக்டோபர் 1 முதல் மணிக்கு 17.60 டாலர். அந்த ஊதியம் பெறுபவர் ஏறத்தாழ 11 நிமிட உழைப்பில் இக்கட்டணத்தை ஈட்டிவிடுகிறார். தமிழ்நாட்டில் நாளுக்கு 8 மணி நேரம் உழைத்து 600 ரூபாய் பெறும் ஒருவர் 11 நிமிடத்தில் ஈட்டுவது சுமார் 14 ரூபாய். உழைப்பு நேரத்தைக் கொண்டு அளந்தால் இரண்டு ஊர்ப் பேருந்துக் கட்டணங்களுக்கும் இடையே பெரிய தூரம் இல்லை. ஒரு பொருளின் விலையை அதை வாங்கத் தேவைப்படும் உழைப்பு நேரமாக மாற்றிப் பார்ப்பது, நாணய மாற்று விகிதத்தைவிட நம்பகமான அளவுகோல்.

வாங்குதிறன் சமநிலை

ஒரே வகைப் பொருள்களையும் சேவைகளையும் வாங்க ஒவ்வொரு நாட்டு நாணயத்திலும் எவ்வளவு தேவை என்பதைக் கொண்டு நாணயங்களை ஒப்பிடுவதைப் பொருளியலில் வாங்குதிறன் சமநிலை என்பர். உலக வங்கி ஒருங்கிணைக்கும் பன்னாட்டு ஒப்பீட்டுத் திட்டம் இதைக் கணக்கிட்டு வெளியிடுகிறது. 2017ஆம் ஆண்டுக்கான முடிவுகளின்படி, அமெரிக்காவில் ஒரு டாலருக்குக் கிடைப்பது இந்தியாவில் 20.65 ரூபாய்க்குக் கிடைத்தது. அவ்வாண்டின் சராசரி மாற்று விகிதமோ 65.12 ரூபாய். முடிதிருத்தம், ஆட்டோ, வீட்டு வேலை போன்ற ஆள் உழைப்புச் சேவைகள் இந்தியாவில் மலிவாக இருப்பதே இந்த இடைவெளிக்கு முக்கியக் காரணம்.

எனினும் இது ஒரு நாட்டின் முழுப் பொருளாதாரத்துக்குமான சராசரி. தனி ஒருவர் எவற்றை வாங்குகிறார் என்பதை இது சொல்லாது. அதற்குச் செலவுக் கூடையைப் பார்க்க வேண்டும்.

செலவுக் கூடை மாறுகிறது

விலைவாசிக் குறியீட்டைக் கணக்கிட, சராசரிக் குடும்பம் எதற்கு எவ்வளவு செலவிடுகிறது என்ற பட்டியலை ஒவ்வொரு நாடும் வைத்திருக்கிறது. 2012ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட இந்திய நுகர்வோர் விலைக் குறியீட்டில் உணவு, பானங்களின் பங்கு 45.86 விழுக்காடு, வீட்டுவசதியின் பங்கு 10.07 விழுக்காடு. அதிலும் ஊரகக் கூடையில் வீட்டு வாடகை சேர்க்கப்படவே இல்லை. கனடாவின் குறியீட்டில் இது தலைகீழ்: வீட்டுவசதி கால் பங்குக்கு மேல், உணவு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு.

ஆகவே அரிசி, பருப்பு, பால், முட்டை விலைகளை மட்டும் வரிசையாக ஒப்பிடுவது பயன் தராது. இங்கே பெருஞ்செலவாக இருப்பது அங்கே சிறுசெலவாகவும், இங்கே சொந்த வீட்டில் இருப்பதால் செலவாகவே தெரியாதது அங்கே முதற்செலவாகவும் ஆகிவிடுகிறது. ஒப்பீட்டை வாடகையிலிருந்து தொடங்குவதே சரி.

வாடகையும் முன்பணமும்

ரொறன்ரோவுக்குப் புதிதாக வருவோர் பலர் தனி வீடு எடுப்பதில்லை. பகிர்ந்து வாழும் வீட்டில் ஓர் அறையோ நிலத்தடித் தளமோ எடுக்கிறார்கள். விளம்பரங்களைப் பார்க்கும்போது மூன்றைக் கவனிக்க வேண்டும்: மின்சாரம், வெப்பமூட்டல், இணையம் ஆகியவை வாடகையில் அடங்குமா; வேலையிடத்துக்கு எவ்வளவு தூரம்; எத்தனை பேர் சமையலறையைப் பகிர்கிறார்கள்.

முன்பணப் பழக்கமும் வேறு. ஒன்ராறியோவில் முதல் மாத வாடகையுடன் கடைசி மாத வாடகையையும் முன்கூட்டியே கேட்பது வழக்கம். சேதத்துக்கென்று தனியாக முன்பணம் வாங்குவதைச் சட்டம் அனுமதிப்பதில்லை. புதிதாக வந்தவருக்கு அந்நாட்டில் கடன் வரலாறு இருக்காது என்பதால், வீட்டு உரிமையாளர் பிணையாளர் ஒருவரைக் கேட்கக்கூடும்.

2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாகக் குடியேறப்பட்ட வீடுகளுக்கு மாகாணத்தின் ஆண்டு வாடகை உயர்வு வரம்பு பொருந்தாது. புதிய அடுக்ககத்தில் வாடகை குறைவாகத் தெரிந்தாலும், அடுத்த ஆண்டு எவ்வளவு உயரும் என்பதற்கு உச்சவரம்பு இல்லை என்பதை மனத்திற்கொள்ள வேண்டும்.

விலைச்சீட்டில் தெரியாதவை

இந்தியக் கடைகளில் பொட்டலத்தின் மீது அச்சிட்டிருக்கும் அதிகபட்ச சில்லறை விலை எல்லா வரிகளையும் உள்ளடக்கியது. ஒன்ராறியோவில் அப்படி இல்லை. விலைச்சீட்டில் உள்ள தொகைக்கு மேல் 13 விழுக்காடு விற்பனை வரி, பணம் செலுத்துமிடத்தில் சேர்க்கப்படும். 100 டாலர் குளிரங்கிக்கு 113 டாலர் தர வேண்டும். அரிசி, காய்கறி, பால் போன்ற அடிப்படை மளிகைப் பொருள்களுக்கு இவ்வரி இல்லை. உணவகத்தில் சாப்பிட்டால் வரியோடு, பரிமாறுவோருக்கு 15 விழுக்காடோ அதற்கு மேலோ அன்பளிப்புத் தருவதும் வழக்கம்.

காய்கறி, பழம், இறைச்சி விலைகள் பெரும்பாலும் ஒரு பவுண்டுக்கான விலையாகப் பெரிய எழுத்தில் இருக்கும். ஒரு பவுண்டு ஏறத்தாழ 454 கிராம். கிலோ விலை வேண்டுமானால் 2.2ஆல் பெருக்க வேண்டும்.

மருத்துவம் இலவசம் என்ற பேச்சையும் அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும். தகுதியுள்ளோருக்கு மருத்துவரைப் பார்ப்பதும் மருத்துவமனைச் சிகிச்சையும் மாகாணக் காப்பீட்டில் அடங்கும். ஆனால் பெரியவர்களின் வழக்கமான பல் மருத்துவம், மூக்குக் கண்ணாடி ஆகியவை அதில் அடங்குவதில்லை. 25 முதல் 64 வயது வரை உள்ளோர் வெளியில் வாங்கும் மருந்துகளுக்கும் பொதுவாகச் சொந்தப் பணமோ பணியிடக் காப்பீடோ தேவை. வெளிநாட்டு மாணவர்கள் பொதுவாக மாகாணக் காப்பீட்டுக்குத் தகுதி பெறுவதில்லை. கல்வி நிறுவனம் வழியாகத் தனிக் காப்பீடு எடுக்க வேண்டும்.

ஊரில் விலையின்றிக் கிடைத்தவை

ஒப்பீட்டுப் பட்டியல்களில் பெரும்பாலும் விடுபடுவது, ஊரில் பணம் கொடுக்காமல் பெற்றுவந்த வசதிகள். நியாய விலைக் கடை அரிசி, பெண்களுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் கட்டணமில்லாப் பயணம், இரு மாதங்களுக்கு ஒருமுறை 100 அலகு இலவச மின்சாரம் ஆகியவை அரசு தருபவை. பெற்றோரின் வீடு, தாத்தா பாட்டி குழந்தையைப் பார்த்துக்கொள்வது, உறவினரின் உதவி ஆகியவை குடும்பம் தருபவை. எல்லை கடந்ததும் இவை ஒவ்வொன்றுக்கும் விலை வந்துவிடும்.

குழந்தைப் பராமரிப்பு இதற்கு நல்ல சான்று. 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான அரசு உதவித் திட்டத்தில் சேர்ந்துள்ள ஒன்ராறியோ மையங்களில் 2025 முதல் நாளொன்றுக்கு 22 டாலர் உச்சக் கட்டணம். மாதம் 21 நாள் என்றால் 462 டாலர். அந்த மையங்களில் இடம் கிடைக்காதவர் கூடுதலாகச் செலவிட வேண்டும், அல்லது கணவன் மனைவியரில் ஒருவர் வேலைக்குப் போகாமல் இருக்க வேண்டும். இருவர் சம்பளத்தைக் கணக்கில் வைத்துப் புறப்படும் குடும்பங்கள் இதை முதலிலேயே பார்க்க வேண்டும்.

அங்கே விலையின்றிக் கிடைப்பவையும் உண்டு. நிரந்தரக் குடியுரிமை பெற்றோரின் குழந்தைகளுக்குப் பொதுப் பள்ளிகளில் கட்டணம் இல்லை. ஊரில் தனியார் பள்ளிக் கட்டணம் செலுத்திவந்த குடும்பத்துக்கு இது பெரிய மிச்சம். இரு பக்கமும் எழுதினால்தான் கணக்கு நேர்மையாக இருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு

வாரம் 40 மணி நேரம் குறைந்தபட்ச ஊதியத்தில் வேலை செய்யும் தனி நபர் ஒருவரைக் கொள்வோம். மாத ஊதியம் சுமார் 3,050 டாலர். ரூபாய்க்கு மாற்றினால் 1,83,000. ஊரில் பேசப்படுவது இந்தத் தொகைதான்.

ஓய்வூதியப் பங்களிப்பு, வேலையிழப்புக் காப்பீடு, கூட்டரசு வரி, மாகாண வரி ஆகியவை போகக் கைக்கு வருவது ஏறத்தாழ 2,500 டாலர். இனி எடுத்துக்காட்டாகச் சில தொகைகளை வைத்துக்கொள்ளலாம்: பகிர்ந்த வீட்டில் ஓர் அறை 900, சமைத்துச் சாப்பிட 400, கைப்பேசி 50, உடை, மருந்து, இதர செலவுகள் 200. இவற்றோடு 2025இல் மாதப் பயண அட்டையின் விலையான 156ஐயும் சேர்த்தால் மொத்தம் 1,706 டாலர். மீதி 794 டாலர், அதாவது சுமார் 47,600 ரூபாய்.

ஊர்ச் சம்பளத்தோடு ஒப்பிட வேண்டியது 1,83,000 அல்ல. ஊரில் மாதம் மிச்சமாகும் தொகையோடு இந்த 47,600ஐ ஒப்பிட வேண்டும். ஊரில் 15,000 ரூபாய் மிச்சம் பிடிப்பவருக்கு இது மூன்று மடங்கு. ஆனால் புறப்படுவதற்காக 10 லட்சம் ரூபாய் கடன் வாங்கியிருந்தால், 11 விழுக்காடு வட்டியில் 10 ஆண்டுகளில் அடைக்க மாதத் தவணை சுமார் 13,800 ரூபாய். அது போக 34,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக நிற்கும். குடும்பத்தை அழைத்துவந்து தனி வீடு எடுத்தால், ஒருவர் சம்பளத்தில் மீதி என்பதே இல்லாமல் போகலாம்.

செவிலியம், ஆசிரியப் பணி, பொறியியல் போன்ற தொழில்களுக்கு மாகாண உரிமம் தேவை. அதுவரை வேறு வேலை பார்க்க நேரிடும். எனவே முதல் ஆண்டுக் கணக்கைத் தொழில்முறைச் சம்பளத்தில் போடாமல், இதுபோன்ற அடிப்படை ஊதியத்தில் போட்டுப் பார்ப்பது பாதுகாப்பானது.

மாணவர்களின் கணக்கு

படிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்கும் தனி நபர், கல்விக் கட்டணமும் பயணச் செலவும் போக, ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கான பணம் இருப்பதைக் காட்ட வேண்டும் என்று கனடா அரசு கேட்கிறது. கியூபெக் தவிர்ந்த பகுதிகளுக்கு நீண்ட காலம் 10,000 டாலராக இருந்த இத்தொகை, 2024 ஜனவரி 1 முதல் 20,635 ஆகவும், 2025 செப்டம்பர் 1 முதல் 22,895 ஆகவும் உயர்த்தப்பட்டது. மாதத்துக்குப் பிரித்தால் சுமார் 1,908 டாலர்.

மாணவர்கள் படிப்புக் காலத்தில் வளாகத்துக்கு வெளியே வாரம் 24 மணி நேரம் வரை வேலை செய்யலாம். குறைந்தபட்ச ஊதியத்தில் முழு 24 மணி நேரமும் வேலை கிடைத்தாலும் மாத வருவாய் சுமார் 1,830 டாலர். அரசே வைத்திருக்கும் வாழ்க்கைச் செலவு மதிப்பீட்டை அது எட்டவில்லை. விடுமுறைக் காலத்தில் கூடுதலாக உழைத்து இந்த இடைவெளியை நிரப்பலாம். ஆனால் பகுதிநேர வேலையில் கல்விக் கட்டணமும் கட்டி, கடன் தவணையும் அனுப்பலாம் என்ற எதிர்பார்ப்புக்கு இக்கணக்கில் இடமில்லை. பிள்ளையை அனுப்பும் பெற்றோரும் புறப்படும் மாணவரும் சேர்ந்து பார்க்க வேண்டிய கணக்கு இது.

தகவல் பெறும் வழிகள்

நகரங்களை எண்களால் வரிசைப்படுத்தும் இணையச் சுட்டெண்கள் பல உள்ளன. நம்பியோ தளம் பயனர்கள் தரும் விலைகளைத் தொகுத்து, நியூயார்க்கை 100 எனக் கொண்டு பிற நகரங்களை மதிப்பிடுகிறது. மெர்சர் நிறுவனத்தின் ஆய்வு, பன்னாட்டு நிறுவனங்கள் வெளிநாட்டுக்கு அனுப்பும் ஊழியர்களை மனத்திற்கொண்டது. இவை பொது நிலவரத்தை அறிய உதவும். புதிதாக வந்து அறை பகிர்ந்து வாழ்பவரின் செலவை இவை காட்டா.

அதைவிடப் பயனுள்ளவை எளிய வழிகள். பெரிய கடைகளின் வாராந்தர விலைத்தாள்கள் இணையத்தில் கிடைக்கின்றன. வீட்டில் ஒரு வாரம் வாங்கும் பொருள்களின் பட்டியலை அவற்றில் விலைபோட்டுப் பார்க்கலாம். கனடிய வருவாய் முகமையின் இணையக் கணிப்பானில் சம்பளத்தை இட்டால் கைக்கு வரும் தொகை தெரியும். ஸ்கார்பரோ போன்ற பகுதிகளில் தமிழர்கள் பெருமளவில் வாழ்வதால், பலருக்கும் அங்கே கேட்டறிய ஒருவர் இருப்பார். அவரிடம் "எவ்வளவு சம்பளம்?" என்று கேட்பதைவிட, "வாடகை எவ்வளவு? மாதக் கடைசியில் எவ்வளவு நிற்கிறது? முதல் வேலை கிடைக்க எத்தனை மாதம் ஆயிற்று?" என்று கேட்பது உதவும்.

கடைசிக் கேள்விக்கான விடையைப் பொறுத்தே எடுத்துச் செல்லும் பணத்தை முடிவுசெய்ய வேண்டும். மூன்று மாதம் வேலை இல்லாமல் இருக்க நேர்ந்தால், மேற்சொன்ன செலவுப்படி 5,118 டாலர் தேவை. அதோடு கடைசி மாத வாடகை முன்பணம், குளிர்கால உடை, காலணி, படுக்கை, பாத்திரம் ஆகியவற்றின் செலவும் சேரும். அக்காலத்தில் கடன் தவணை ஊரில் நிற்காது. அதைச் செலுத்த யாரிடம் பணம் இருக்கும் என்பதையும் புறப்படுவதற்கு முன்பே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.