பாரிமுனையில் ஒரு தட்டு பர்மா

சனிக்கிழமை சாயங்காலம், சென்னையில் வெளியே சாப்பிட எங்கே போகலாம்? பிரியாணியும் பீட்சாவும் எங்கும் கிடைக்கும். பர்மாக்காரர்களின் அத்தோ சாப்பிட்டிருக்கிறீர்களா?

பாரிமுனையில், பர்மா பஜாரை ஒட்டிய தெருக்களில் பொழுது சாய்ந்ததும் தள்ளுவண்டிகளைச் சுற்றிக் கூட்டம் கூடிவிடும். அத்தோ என்பது ஆரஞ்சு நிறத்தில் தடித்த நூடுல்ஸ். அதில் மெல்லிசாகச் சீவிய முட்டைகோஸ், வெங்காயம், வறுத்த பூண்டு, மிளகாய்த்தூள், புளித்தண்ணீர் எல்லாம் சேர்த்துக் கையாலேயே பிசைந்து தருவார்கள். தொட்டுக்கொள்ள அல்ல, குடிக்க, சுடச்சுட வாழைத்தண்டு சூப்! அவித்த முட்டையைக் கீறி, உள்ளே வறுத்த வெங்காயம் அடைத்துத் தருவார்கள். அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

சரி, இது சென்னைக்கு எப்படி வந்தது?

1962இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்தது. அடுத்தடுத்து கடைகளும் தொழில்களும் அரசுடைமையாயின. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் ஏராளமானோர், சொத்துபத்தை விட்டுவிட்டுக் கப்பலேறினார்கள். சென்னையில் வந்து இறங்கியவர்களில் சிலர், நாக்கில் பழகிய அந்த ருசியையே பிழைப்பாக்கிக் கடை போட்டார்கள். அவர்கள் குடியேறிய வியாசர்பாடிப் பக்கமும் இன்றைக்கு அத்தோ கடைகளைப் பார்க்கலாம்.