தொலைக்காட்சியும் குழந்தைகளும்: ஆய்வுகள் கூறுவது என்ன?

தொலைக்காட்சி பார்ப்பதால் குழந்தைக்குத் தீங்கு நேருமா என்பது பெற்றோர் பலரும் மருத்துவரிடமும் ஆசிரியரிடமும் கேட்கும் கேள்வியாகும். இதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் விடை கூற இயலாது. குழந்தை எந்த வயதில் பார்க்கிறது, எதைப் பார்க்கிறது, யாருடன் பார்க்கிறது, பார்க்கும் நேரத்தில் வேறு எதை இழக்கிறது ஆகிய நான்கையும் பொறுத்தே விளைவு அமைகிறது. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நடைபெற்று வரும் ஆய்வுகளிலிருந்து பெற்றோர் அறிந்துகொள்ள வேண்டியவை இங்கு விளக்கப்படுகின்றன.

காரணத்தைக் கண்டறிவதில் உள்ள சிக்கல்

சண்டைக் காட்சிகளை மிகுதியாகப் பார்க்கும் சிறுவன் பள்ளியிலும் அடிதடியில் ஈடுபடுகிறான் என்று கொள்வோம். காட்சிகள் அவனை அவ்வாறு மாற்றியிருக்கலாம். இயல்பிலேயே முரட்டுத்தனம் உள்ளதால் அவன் அத்தகைய காட்சிகளை விரும்பியிருக்கவும் கூடும். கவனித்துக்கொள்ளப் பெரியவர்கள் இல்லாத சூழல் இவ்விரண்டுக்குமே காரணமாக இருக்கலாம். இவற்றைப் பிரித்தறிய ஆய்வாளர்கள் மூன்று வழிகளைக் கையாண்டுள்ளனர்: கட்டுப்படுத்தப்பட்ட சோதனைகள், தொலைக்காட்சி புதிதாக நுழைந்த ஊர்களின் ஆய்வு, ஒரே குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தல்.

பார்த்துக் கற்றல்

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஆல்பர்ட் பந்தூரா 1961ஆம் ஆண்டில் சிறு குழந்தைகளைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார். காற்றடைத்த பெரிய பொம்மை ஒன்றைப் பெரியவர் ஒருவர் அடிப்பதையும் உதைப்பதையும் கண்ட குழந்தைகள், பின்னர் தனியே விடப்பட்டபோது அதே செயல்களைச் செய்தனர். 1963இல் வெளியான அடுத்த ஆய்வில், அதே காட்சியைத் திரைப்படமாகப் பார்த்த குழந்தைகளும் அவ்வாறே நடந்துகொண்டனர்.

1965இல் வெளியான ஆய்வு மேலும் ஓர் உண்மையை உணர்த்தியது. பொம்மையை அடித்தவர் தண்டிக்கப்படுவதைப் பார்த்த குழந்தைகள் குறைவாகவே அவரைப் பின்பற்றினர். ஆனால் அவர் செய்ததைச் செய்து காட்டினால் பரிசு உண்டு என்று கூறியதும், அக்குழந்தைகளும் மற்றவர்களுக்கு இணையாக அனைத்தையும் செய்து காட்டினர். அதாவது, ஒரு காட்சியிலிருந்து குழந்தை கற்றுக்கொண்டது உடனே வெளிப்பட வேண்டும் என்பதில்லை.

தொலைக்காட்சி நுழைந்த மூன்று இடங்கள்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில், பள்ளத்தாக்கில் அமைந்திருந்ததால் அலைவரிசை கிடைக்காத சிற்றூர் ஒன்று இருந்தது. ஆய்வாளர்கள் அதற்கு 'நோட்டெல்' என்று புனைபெயர் இட்டனர். 1973இல் அங்குத் தொலைக்காட்சி வருவதற்கு முன்னரும், வந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னரும் டானிஸ் மேக்பெத் தலைமையிலான குழு ஆய்வு நடத்தியது. அவ்வூர்க் குழந்தைகளிடையே அடிப்பதும் வசைச்சொல் பேசுவதும் அதிகரித்திருந்தன. வாசிப்புத் திறனிலும் படைப்பாற்றலிலும் அவர்கள் பெற்றிருந்த முன்னிலை மறைந்தது. விளையாட்டிலும் ஊர் நிகழ்ச்சிகளிலும் மக்கள் பங்கேற்பது குறைந்தது.

தென் அட்லாண்டிக் பெருங்கடலில் உள்ள செயின்ட் ஹெலினா தீவுக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. அதற்கு முன்னும் பின்னும் பள்ளி விளையாட்டு மைதானங்களில் குழந்தைகளின் நடத்தை படம்பிடிக்கப்பட்டு ஒப்பிடப்பட்டது. அங்கு முரட்டு நடத்தை அதிகரிக்கவில்லை. சில ஆயிரம் பேரே வாழும் அத்தீவில் மக்கள் ஒருவரையொருவர் அறிந்திருந்ததும், குழந்தைகள் எப்போதும் பெரியவர்களின் கண்காணிப்பில் இருந்ததும் இதற்குக் காரணங்களாகக் கூறப்பட்டன.

பசிபிக் பெருங்கடலில் உள்ள ஃபிஜியின் நாட்ரோகா பகுதிக்கும் 1995இல் தொலைக்காட்சி வந்தது. சதைப்பற்றுள்ள உடலே அழகு என்று மரபாகக் கருதப்பட்ட பகுதி அது. உண்ணும் பழக்கம் தொடர்பான வினாப்பட்டியலில் கவலைக்குரிய மதிப்பெண் பெற்ற பள்ளி மாணவியரின் விகிதம் 1995இல் 12.7 சதவீதமாகவும் 1998இல் 29.2 சதவீதமாகவும் இருந்தது. தொலைக்காட்சியில் தோன்றும் பெண்களைப்போல் மெலிய விரும்புவதாக மாணவியர் சிலர் தெரிவித்தனர். இது சிறிய ஆய்வு. இரு ஆண்டுகளிலும் வெவ்வேறு மாணவியரிடம் நடத்தப்பட்டது. ஆயினும் தொலைக்காட்சியின் தாக்கம் வன்முறையோடு நின்றுவிடுவதில்லை என்பதை இது காட்டுகிறது.

கருவி ஒன்றே, விளைவுகள் வேறு. ஊரும் வீடும் குழந்தையைச் சூழ்ந்து நிற்கும் விதம் அவ்விளைவுகளை மாற்றக்கூடும்.

நீண்ட காலத் தாக்கம்

அமெரிக்காவின் சிகாகோ பகுதியில் 1970களின் பிற்பகுதியில் 557 குழந்தைகளிடம் தொடங்கிய ஆய்வொன்றில், சுமார் 15 ஆண்டுகளுக்குப் பின் 329 பேரிடம் மீண்டும் தகவல் பெறப்பட்டது. சிறு வயதில் வன்முறைக் காட்சிகளை மிகுதியாகப் பார்த்தவர்களிடம், ஆண் பெண் இருபாலரிடமும், வளர்ந்த பின்னர் முரட்டு நடத்தை கூடுதலாகக் காணப்பட்டது. குடும்பத்தின் பொருளாதார நிலை, அறிவுத்திறன், பெற்றோரின் வளர்ப்பு முறை ஆகியவற்றைக் கணக்கில் கொண்ட பின்னரும் இத்தொடர்பு நீடித்தது. காட்சிகளை உண்மை என நம்பிய குழந்தைகளிடமும், சண்டையிடும் கதாபாத்திரத்துடன் தம்மை ஒப்பிட்டுக்கொண்ட குழந்தைகளிடமும் தொடர்பு வலுவாக இருந்தது.

இத்தாக்கத்தின் அளவு குறித்து அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது பெரிதன்று என்போரும் உள்ளனர். பெரும்பாலான குழந்தைகள் சண்டைக் காட்சியைப் பார்த்ததால் மட்டுமே வன்முறையாளர்களாக மாறுவதில்லை. வீட்டில் அடி வாங்குதல், பெற்றோரின் சண்டை, புறக்கணிப்பு போன்ற காரணங்களுடன் சேரும்போதே ஆபத்து மிகுகிறது.

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள்

2003இல் வெளியான ஆய்வொன்றில், அமெரிக்காவில் ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழி அறிமுகப்படுத்தப்பட்டது. நேரில் ஒருவர் பேசி விளையாடியபோது அம்மொழியின் ஒலிகளைக் குழந்தைகள் வேறுபடுத்தி அறியக் கற்றனர். அதையே திரையில் காட்டியபோது கற்கவில்லை. மழலைப் பருவத்தில் மொழி வளர்வது எதிரே உள்ளவரின் முகம், பார்வை, பதில் ஆகியவற்றாலேயே.

யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கும் தொலைக்காட்சியும் பாதிப்பு ஏற்படுத்தும். அத்தகைய அறையில் சிறு குழந்தைகள் ஒரு விளையாட்டில் நிலைத்திருக்கும் நேரம் குறைவதையும், பெற்றோர் குழந்தையுடன் பேசுவது குறைவதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன.

விளம்பரங்களும் உணவும்

2009இல் வெளியான சோதனையொன்றில், உணவு விளம்பரங்களுடன் கார்ட்டூன் பார்த்த பள்ளிக் குழந்தைகள், பிற விளம்பரங்களுடன் பார்த்தவர்களைவிட 45 சதவீதம் அதிகமாக நொறுக்குத்தீனி உண்டனர். விளம்பரம் என்பது பொருளை விற்பதற்கான முயற்சி என்பதைச் சிறு குழந்தைகளால் புரிந்துகொள்ள இயலாது.

நன்மை தரும் நிகழ்ச்சிகள்

1969இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட 'செசமி ஸ்ட்ரீட்' என்னும் சிறுவர் நிகழ்ச்சி தெளிவாகக் கிடைத்த பகுதிகளில், குழந்தைகள் தம் வயதுக்குரிய வகுப்பில் பின்தங்காமல் பயில்வது அதிகரித்ததாகப் பிற்கால ஆய்வு கண்டறிந்தது. தமிழ்நாடு உள்ளிட்ட இந்திய மாநிலங்களின் கிராமங்களில் 2001 முதல் 2003 வரை திரட்டிய தகவல்களைக் கொண்ட ஓர் ஆய்வு, கேபிள் தொலைக்காட்சி வந்த ஊர்களில் மனைவியை அடிப்பதை ஏற்கும் மனப்பான்மையும் ஆண் குழந்தையையே விரும்பும் போக்கும் குறைந்ததாகக் கூறுகிறது. ஆகவே தவிர்க்க வேண்டியது தொலைக்காட்சியை அன்று. பொருந்தாத நிகழ்ச்சியையும் அளவற்ற நேரத்தையுமே.

பெற்றோர் செய்ய வேண்டியவை

• உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, இரண்டு வயது நிறையும் வரை குழந்தைகளைத் திரை முன் அமர்த்துதல் கூடாது. 2 முதல் 4 வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படக் கூடாது. அதனினும் குறைவது நலம். கைப்பேசிக்கும் இது பொருந்தும்.
• குழந்தையுடன் அமர்ந்து பாருங்கள். அடிபட்டவருக்கு வலிக்குமா, இது நிஜமா நடிப்பா, சண்டையின்றி வேறு எப்படித் தீர்த்திருக்கலாம் என்று பேசுங்கள்.
• நாயகன் அடித்தும் தண்டனை பெறாத, அடிபட்டவரின் வேதனையைக் காட்டாத காட்சிகளில் கூடுதல் கவனம் தேவை. நல்லவர் செய்யும் வன்முறையைச் சரி என்று குழந்தை எண்ணக்கூடும்.
• பெரியவர்களுக்கான தொடர்களையும் குற்றச் செய்திகளையும் குழந்தைகள் உறங்கிய பின் பாருங்கள்.
• உணவு உண்ணும்போது தொலைக்காட்சியை நிறுத்திவிடுங்கள். காட்சியில் ஆழ்ந்த குழந்தை வயிறு நிறைந்ததை உணர்வதில்லை.
• படுக்கையறையில் தொலைக்காட்சி வேண்டாம். உறங்கச் செல்வதற்கு ஒரு மணி நேரம் முன்பே அணைத்துவிடுங்கள்.
• அழுகையை நிறுத்தத் திரையைக் காட்டுவதை வழக்கமாக்காதீர்கள்.
• தாத்தா, பாட்டி உள்ளிட்ட அனைவரும் ஒரே விதியைப் பின்பற்றுங்கள். பெரியவர்கள் மீறும் விதியைக் குழந்தைகள் ஏற்பதில்லை.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, வயதுக்கேற்ற பேச்சு வராமை, திரையை அணைத்தால் கட்டுக்கடங்காத ஆத்திரம், தொடர்ந்த தூக்கமின்மை, காட்சிகளை எண்ணி அஞ்சுதல், மெலிய வேண்டும் என்று உணவைத் தவிர்த்தல் ஆகியவை காணப்பட்டால், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ குழந்தை நல மருத்துவரையோ அணுகவும். பேச்சுத் தாமதத்துக்குச் செவித்திறன் குறைபாடு, ஆட்டிசம் போன்ற காரணங்களும் இருக்கலாம் என்பதால், தொலைக்காட்சியே காரணம் எனத் தாமாக முடிவு செய்து காத்திருக்கக் கூடாது. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி எந்நேரமும் தொடர்புகொள்ளலாம்.