செவியும் வடிகட்டியும்

கச்சேரி மேடையில் மிருதங்க வித்துவான் அமர்ந்ததும் முதலில் செய்யும் வேலையை நேயர்கள் பலர் கண்டிருப்பீர்கள். ரவையை நீரில் பிசைந்து, இடப்பக்கத்துத் தொப்பியின் நடுவே அப்புவார். தட்டிப் பார்ப்பார், சிறிது கூட்டுவார், சிறிது குறைப்பார். கச்சேரி முடிந்ததும் அதைச் சுரண்டி எடுத்துவிடுவார். தோலின் எடை மிகுவதால் அதிர்வு மெதுவாகி, ஒலி தாழ்ந்து கம்பீரம் பெறுகிறது. வலந்தலையில் நிலையாக இடப்பெறும் கருஞ்சாந்தின் பயனை ஆராய்ந்து, சர் சி. வி. இராமன் 1920-இல் ‘நேச்சர்’ என்னும் ஆங்கில இதழில் எழுதினார். ஆகவே, ஒன்றை இட்டும் நீக்கியும் ஒலியின் குணத்தை மாற்றுவது நமக்குப் புதிதன்று.

இதே எண்ணம் செவிக்குள் செருகிக்கொள்ளும் இயர்போன்களிலும் வந்திருக்கிறது. ஆஸ்திரிய நாட்டு ஏ.கே.ஜி. நிறுவனம் 2011-இல் வெளியிட்ட கே3003 என்னும் கருவியிலும், கிளாஸ்கோ நகரத்து ஆர்.எச்.ஏ. நிறுவனம் 2014-இல் வெளியிட்ட டி10 கருவியிலும் மூன்று இணை வடிகட்டிகள் உண்டு. நெல்மணி போன்ற சிறு உலோகக் குழல்கள் அவை. திருகிக் கழற்றி மாற்றலாம். ஒன்று இயல்பான ஒலிக்கு. ஒன்று தாழ்ந்த ஒலிக்கு. மற்றொன்று உயர்ந்த ஒலிக்கு.

அவை வேலை செய்யும் விதம் யாது? குழலுக்குள் மெல்லிய வலையோ பஞ்சு போன்ற பொருளோ இருக்கும். அது காற்றின் அதிர்வைத் தடுக்கும். உயர்ந்த ஒலிகளையே மிகுதியாகத் தடுக்கும். எனவே ‘தாழ்ந்த ஒலிக்கு’ எனப்படும் வடிகட்டி பெரும்பாலும் தாழ்ந்த ஒலியைப் புதிதாகச் சேர்ப்பதில்லை. உயர்ந்ததை அடக்குவதால் தாழ்ந்தது மிகுந்து தோன்றுகிறது.

இத்தகைய மாற்றம் எதற்கு? நம் செவிக்குழல் ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் நீளமுடையது. உள்முனை சவ்வினால் மூடப்பட்டது. அக்குழல் வினாடிக்கு 3,000 அதிர்வை ஒட்டிய ஒலிகளைத் தானே ஓங்கச் செய்கிறது. வாயிலை அடைத்துவிட்டால் அவ்வுதவி மாறிப்போகிறது. கருவியே அதனை ஈடுசெய்ய வேண்டும். குழலின் அளவோ ஆளுக்கு ஆள் வேறு. ஒரே கருவி இருவருக்கு ஒன்றுபோல் ஒலிக்காமைக்கு இஃதொரு காரணம்.

இவற்றை மதிப்பிட விரும்புவோர் நான்கு செய்திகளை நினைவிற் கொள்ளல் வேண்டும். முதலாவது, ரப்பர் முனை செவியில் இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். சிறிது காற்று கசிந்தாலும் தாழ்ந்த ஒலி ஓடிவிடும். இரண்டாவது, ஒப்பிடும்போது ஒலியளவு சமமாக இருத்தல் வேண்டும். ஒலி குறையும்போது தாழ்ந்த சுரங்கள் செவிக்கு மேலும் மங்குகின்றன என்று பிளெட்சர், மன்சன் என்னும் அமெரிக்க அறிஞர்கள் 1933-இல் காட்டினர். மூன்றாவது, நேரிற் கேட்டுப் பழகிய ஒலியையே தேர்ந்தெடுக்க வேண்டும்; தம்புராவின் ரீங்காரமும் தொப்பியின் கும்காரமும் நல்ல உரைகற்கள். நான்காவது, எந்த வடிகட்டி இருக்கிறது என்பது கேட்பவருக்குத் தெரியலாகாது.

மல்லசமுத்திரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில், பக்கத்துத் தறிகள் ஓய்ந்த ஒரு மாலையில், இம்முறைப்படி சோதித்தோம். வாய்ப்பாட்டுப் பயிலும் என் பேத்தி வடிகட்டிகளை மாற்றி மாற்றிப் பொருத்தினாள். ஒவ்வொரு முறையும் ஒன்றையே நான் ‘தெளிவானது’ என்றேன். அது உயர்ந்த ஒலிக்குரியது. பின்னர், நான் மாற்றிப் பொருத்த, அவள் கேட்டாள். அதே வடிகட்டி வந்தபோது, “தாத்தா, இதிலே சகரமெல்லாம் ஊசி மாதிரி குத்துகிறது” என்றாள். பழைய தலைமையாசிரியர் வழக்கப்படி அவளைத் திருத்த முற்பட்டேன். பிறகுதான் உண்மை விளங்கிற்று. வயது ஏற ஏற, உயர்ந்த ஒலிகளே முதலில் நம்மை விட்டு அகல்கின்றன. எனக்குக் குறைவாகக் கேட்பதை அவ்வடிகட்டி நிரப்பிற்று. அவளுக்கோ அது மிகையாயிற்று. நான் மதிப்பிட்டது கருவியை மட்டும் அன்று, என் செவியையும்தான்.

அன்றிரவு பழைய வகுப்பறைகள் நினைவுக்கு வந்தன. பின்வரிசைப் பிள்ளைகள் பலரை ‘கவனமில்லை’ என்று அதட்டியிருக்கிறேன். அவருள் எத்தனை பேருக்குச் செவியிற் குறை இருந்ததோ! ஒருவரையேனும் மருத்துவரிடம் அனுப்ப எனக்குத் தோன்றியதில்லை.

இளைஞர்க்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். பெரியவர்களுக்கு 80 டெசிபெல் ஒலி வாரத்துக்கு 40 மணி நேரம், சிறுவர்க்கு 75 டெசிபெல் அதே நேரம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் எல்லை வகுத்தது. ஒலி 3 டெசிபெல் ஏறினால், கேட்கும் நேரத்தைப் பாதியாக்க வேண்டும். தெளிவு போதவில்லை என்று தோன்றினால், ஒலியைக் கூட்டாதீர்கள். வடிகட்டியை மாற்றிப் பாருங்கள். அப்போதும் போதவில்லையேல், செவி மருத்துவரைக் காணுங்கள். நானும் கண்டு வந்தேன்.