ஐரோப்பியக் கட்டடப் பங்குகள்: வாடகையும் வட்டியும்

கட்டடங்களை வாங்கி வாடகைக்கு விடும் கம்பெனிகளின் பங்குகள் ஐரோப்பியச் சந்தைகளில் விற்பனையாகின்றன. பிரிட்டனில் 2007 முதல் உள்ள 'ரீட்' சட்டப்படி, இத்தகைய கம்பெனி வாடகை லாபத்தில் குறைந்தது 90 சதவீதத்தைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துத் தரவேண்டும்; அந்த லாபத்திற்குக் கம்பெனி வரி கிடையாது.

வாடகை தவறாமல் வந்தால் போதுமா? போதாது. இவை பெரும்பாலும் கடன் வாங்கியே கட்டடம் வாங்குகின்றன. ஐரோப்பிய மத்திய வங்கியின் டெபாசிட் வட்டி 2022 ஜூலை வரை பூஜ்யத்திற்கும் கீழே இருந்தது. 2023 செப்டம்பரில் 4 சதவீதமாயிற்று. ஜெர்மனியில் லட்சக்கணக்கான வீடுகளை வாடகைக்கு விடும் வோனோவியாவின் வீடுகள் காலியாகவில்லை. ஆயினும் 2021-இல் 50 யூரோவுக்கு மேல் விற்ற அதன் பங்கு, 2023 மார்ச்சில் 20 யூரோவுக்குக் கீழ் இறங்கியது.

கடன் வாங்கிச் சரக்கு நிரப்பிய கடைக்கு வட்டி ஏறினால் என்ன ஆகும் என்பது வணிகர்கள் அறிந்ததே. எனவே டிவிடெண்டைப் பார்க்குமுன், கடன் எவ்வளவு, தவணை எப்போது என்று பாருங்கள்.