டயருக்கு நைட்ரஜனா, சாதாரணக் காற்றா?

கார் டயர்களில் சாதாரணக் காற்றுக்குப் பதிலாக ஏறத்தாழத் தூய நைட்ரஜன் வாயுவை நிரப்பும் வழக்கம் நம் ஊர்களிலும் பரவியுள்ளது. பல பெட்ரோல் பங்குகளிலும் டயர் கடைகளிலும் இதற்கெனத் தனி இயந்திரம் இருக்கிறது. நைட்ரஜன் அடித்த டயரின் வால்வுக்குப் பெரும்பாலும் பச்சை நிற மூடி போடுவார்கள். பங்கில் சாதாரணக் காற்று இலவசம். நைட்ரஜனுக்குச் சக்கரக் கணக்கில் கட்டணம் உண்டு. அந்தக் கட்டணத்துக்கு ஈடாக என்ன கிடைக்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன் உள்ளது. ஆக்சிஜன் 21 விழுக்காடு. மீதியில் பெரும்பகுதி ஆர்கான். ஆகவே, காற்று அடித்த டயரிலும் முக்கால் பங்குக்கு மேல் நைட்ரஜனே இருக்கிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அந்த 21 விழுக்காட்டிலும், காற்றோடு சேர்ந்து வரும் ஈரத்திலும்தான்.

கசிவு

டயரில் ஓட்டை எதுவும் இல்லாவிட்டாலும் காற்று மெல்லக் குறையும். வாயு மூலக்கூறுகள் ரப்பரில் கரைந்து, ஊடுருவி, மறுபக்கம் வெளியேறுகின்றன. ஆக்சிஜன் இவ்வாறு வெளியேறும் வேகம் நைட்ரஜனைப்போல் மூன்று நான்கு மடங்கு. நைட்ரஜனுக்குச் சாதகமாகச் சொல்லப்படுவனவற்றுள் உறுதியான அடிப்படை உள்ளது இதுவே.

ஆனால் அளவைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' இதழ் 2006-07இல் 31 வகை டயர்களை வைத்து ஒரு சோதனை நடத்தியது. ஒவ்வொரு வகையிலும் ஒன்றில் காற்றும் மற்றொன்றில் நைட்ரஜனும் 30 பி.எஸ்.ஐ. அளவுக்கு நிரப்பி, ஓராண்டு வெளியில் வைத்திருந்து அளந்தார்கள். காற்று நிரப்பியவை சராசரியாக 3.5 பி.எஸ்.ஐ. இழந்திருந்தன; நைட்ரஜன் நிரப்பியவை 2.2. ஓராண்டு முழுவதற்கும் வேறுபாடு 1.3 பி.எஸ்.ஐ. மட்டுமே.

ரப்பர் வழியான ஊடுருவலை மட்டுமே நைட்ரஜன் குறைக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. ஆணி குத்தினாலோ, வால்வு தேய்ந்தாலோ, ரிம் ஓரம் துருப்பிடித்தாலோ எந்த வாயுவும் ஒன்றுபோலத்தான் வெளியேறும்.

வெப்பமும் அழுத்தமும்

"நைட்ரஜன் சூட்டில் விரியாது சார், டயர் வெடிக்காது" என்று என்னிடமே ஒரு பங்கில் சொன்னார்கள். நாற்பது மாணவர்கள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் யாராவது இப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையில் சுழித்திருப்பேன். கன அளவு மாறாதபோது ஒரு வாயுவின் அழுத்தம் அதன் தனி வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். இந்த அழுத்தத்திலும் வெப்பநிலையிலும் நைட்ரஜன், ஆக்சிஜன், காற்று மூன்றும் இவ்விதிக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே கட்டுப்படுகின்றன.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காலையில் டயரின் வெப்பநிலை 27 டிகிரி செல்சியஸ், அதாவது 300 கெல்வின். அளவி 32 பி.எஸ்.ஐ. காட்டுகிறது. வளிமண்டல அழுத்தம் 14.7ஐக் கூட்டினால் மொத்தம் 46.7. நெடுஞ்சாலையில் ஓடி 57 டிகிரிக்கு, அதாவது 330 கெல்வினுக்குச் சூடேறினால், மொத்த அழுத்தம் பத்தில் ஒரு பங்கு கூடி 51.4 ஆகும். அளவி சுமார் 36.7 காட்டும். உள்ளே இருப்பது நைட்ரஜனானாலும் உலர்ந்த காற்றானாலும் விடை இதுதான்.

'உலர்ந்த' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். கம்ப்ரசர் தொட்டியின் அடியில் தண்ணீர் தேங்கும். அதை வடிக்காமல் விட்டால், காற்றோடு நீர்த்துளிகளும் டயருக்குள் போகும். நீரின் ஆவியழுத்தம் 30 டிகிரியில் சுமார் 0.6 பி.எஸ்.ஐ.; 60 டிகிரியில் கிட்டத்தட்ட 2.9. ஆகவே, ஈரமுள்ள டயரில் அழுத்தம் எதிர்பார்த்ததைவிட இன்னும் இரண்டு பி.எஸ்.ஐ. வரை கூடலாம். இயந்திரத்திலிருந்து வரும் நைட்ரஜன் உலர்ந்தது என்பது உண்மையான நன்மை. ஆனால் தொட்டியை நாள்தோறும் வடிக்கிற பஞ்சர் கடைக்காரரிடமும் அந்த நன்மையில் பெரும்பகுதி கிடைக்கும்.

தூய்மை

டயரில் இருக்கும் காற்றை இறக்கிவிட்டு நைட்ரஜன் ஏற்றினாலும், வளிமண்டல அழுத்த அளவுக்குப் பழைய காற்று உள்ளேயே தங்கும். 95 விழுக்காடு தூய நைட்ரஜனை 32 பி.எஸ்.ஐ.க்கு ஏற்றினால், முடிவில் டயரில் சுமார் 10 விழுக்காடு ஆக்சிஜன் இருக்கும். ஒருமுறை இறக்கி மீண்டும் ஏற்றினால் அது 6 அல்லது 7 விழுக்காடாகும். ஒரே தடவை அடித்துவிட்டுப் பச்சை மூடி போட்டுவிடுவதையே நான் பார்த்திருக்கிறேன்.

விமானங்களில்

விமான டயர்களில் நைட்ரஜன் இன்றியமையாதது. அதன் காரணம் வேறு. 1986 மார்ச் 31 அன்று மெக்சிகோ நகரிலிருந்து புறப்பட்ட மெக்சிகானா நிறுவனத்தின் போயிங் 727 விமானத்தில், பிரேக்கின் கடும் சூட்டால், காற்று நிரப்பிய டயர் ஒன்று பறக்கும்போதே வெடித்தது. விமானத்தில் இருந்த 167 பேரும் இறந்தனர். மிகுந்த சூட்டில் ரப்பரிலிருந்து எழும் ஆவி, டயருக்குள் இருக்கும் ஆக்சிஜனோடு வினைபுரிந்து வெடிக்கும். 1987இல் அமெரிக்க விமானத் துறை பிறப்பித்த ஆணை, பெரிய விமானங்களின் பிரேக் உள்ள சக்கரங்களில் ஆக்சிஜன் 5 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்றது. அன்றாடம் ஓடும் காரின் டயர் அந்தச் சூட்டை எட்டுவதில்லை.

கலக்கலாமா?

நைட்ரஜன் அடித்த டயரில் சாதாரணக் காற்றைச் சேர்த்தால் எந்தக் கெடுதலும் இல்லை. கலந்தால் வெடிக்கும் என்ற பேச்சுக்கு அடிப்படை கிடையாது. இந்தப் பயத்தால், காற்றுக் குறைந்த டயரோடு அடுத்த ஊரில் நைட்ரஜன் கிடைக்கும் என்று ஓட்டிப்போவதுதான் ஆபத்து. அழுத்தம் குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி விரிகிறது. அதனால் சூடேறி, உள்ளிருக்கும் நூலடுக்குகள் பிரிந்து, வேகத்தில் டயர் கிழிந்துவிடும்.

என் உறவினர் ஒருவர், பச்சை மூடி இருக்கிறதே என்று ஏழு மாதம் டயரை அளக்கவே இல்லை. குடும்பத்தோடு கோயிலுக்குப் புறப்படுமுன் அளந்தபோது பின்சக்கரம் ஒன்றில் 19 பி.எஸ்.ஐ. இருந்தது. வால்வில் கசிவு! பத்து ரூபாய் மூடி தந்த நம்பிக்கை அது.

நைட்ரஜனோ காற்றோ, மாதம் ஒருமுறையாவது, வண்டியை எடுக்குமுன் டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும். சரியான அளவு பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் பக்கக் கதவின் ஓரத்தில் ஒட்டப்பட்டிருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அதன் உச்ச வரம்பு. அந்த அளவுக்கு நிரப்பக் கூடாது. ஸ்டெப்னியையும் சேர்த்தே அளக்க வேண்டும்.